ஒப்படைக்கப்பட்ட பொருளும் ஒப்புவிக்க வேண்டிய கணக்கும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். மாலை சூட்டவும், பழைய நிழற்படங்களைப் பார்த்து நெகிழவும், மறைந்தவர்களை நினைந்து கண் கலங்கவும் உரிய நாள். ஆயினும், கல்விச் சங்கம் ஒன்றுக்கு அது கணக்குப் பார்க்கும் நாளும் ஆகும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மக்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசு எங்கே சென்றது, எந்தப் பிள்ளையின் கையில் புத்தகமாக மாறியது, எந்தப் பெண்ணின் தேர்வுக் கட்டணமாக மாறியது என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்விக்கு விடை இருந்தால்தான் மாலைகள் மணக்கும்.

விழாக் குழுவினர் நமக்கு அளித்த பொருள் சமயமும் தலைமையும் என்பது. இங்கே கூடியிருப்போருள் சைவரும் வைணவரும் உண்டு, கிறித்தவர் உண்டு, அண்ணல் அம்பேத்கர் காட்டிய பௌத்த நெறியை ஏற்றோர் உண்டு, எச்சமயமும் வேண்டா என்போரும் உண்டு. எனவே எந்தச் சமயம் உயர்ந்தது என்ற வழக்கை நாம் எடுக்கப் போவதில்லை. நம்பிக்கையின் பேரால் தலைமை ஏற்றவர் ஒருவர், தம் கையில் மற்றவர் ஒப்படைத்த பொருளை எங்ஙனம் காக்க வேண்டும், எங்ஙனம் பயன்படுத்த வேண்டும், எங்ஙனம் அடுத்தவர் கையில் கொடுத்துச் செல்ல வேண்டும் என்பதைக் குறித்தே சிந்திக்க விழைகிறோம். இந்த ஒன்றில் எல்லாச் சமயங்களின் சான்றோரும் ஏறத்தாழ ஒரே குரலில்தான் பேசியிருக்கின்றனர்.

தலைவர் உரிமையாளர் அல்லர்

தமிழில் பண்டசாலைக்கு உக்கிராணம் என்றொரு பெயர் உண்டு. அதன் திறவுகோலை வைத்திருப்பவர் உக்கிராணக்காரர். தமிழ் விவிலியத்தில் இச்சொல் பலமுறை வருகிறது. அரண்மனைப் பண்டசாலையில் ஆயிரம் மூட்டை நெல் இருக்கலாம். ஒரு மூட்டைகூட உக்கிராணக்காரருடையதன்று. அதே வேளையில், ஒரு மூட்டை புழுத்துப் போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. உரிமை இல்லை, பொறுப்பு உண்டு. இந்த இரண்டும் சேர்ந்ததே தலைமை. அறங்காவலர் என்ற சொல்லிலும் இதே பொருள்தான் அடங்கியிருக்கிறது. அறத்தைக் காவல் செய்பவரே அன்றி, அறத்துக்கு எசமானர் அல்லர்.

எம்மைப் போன்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு இது நாள்தோறும் பழகிய செய்தி. மாறுதல் ஆணை வந்ததும், இருப்புப் பதிவேட்டைத் திறந்து, மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, ஆய்வகத்துச் சோதனைக் குழாய் எத்தனை என்று எண்ணி, புதிதாக வருபவரிடம் கையொப்பம் பெற்று, சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறோம். பத்தாண்டு உட்கார்ந்த நாற்காலியாயினும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல எவர்க்கும் உரிமையில்லை. இதை எவரும் அவமானமாகக் கருதுவதில்லை. ஆனால் நம் ஊர்ச் சங்கங்களிலும் கோயில்களிலும் சபைகளிலும், "பொறுப்பை ஒப்படையுங்கள், கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டால், அது தனிமனிதர் மீது வீசிய கல்லாகக் கருதப்படுகிறது. அரசு அலுவலகத்தில் இயல்பாக இருப்பது அறநிலையத்தில் ஏன் அவமானமாக வேண்டும்? தொண்டு என்ற சொல் வந்தவுடன் கணக்கு என்ற சொல் ஏன் மறைய வேண்டும்?

ஐந்நூறு ஆடைகள்

பௌத்த சங்கத்தின் விநய நூலில் ஓர் அழகிய நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. புத்தர் பெருமான் மறைந்த பின், அவருடைய அணுக்கத் தொண்டர் ஆனந்தர் கோசாம்பி நகருக்குச் சென்றார். அந்நாட்டு மன்னன் உதயணனின் அரண்மனைப் பெண்கள் அவருடைய அறவுரையைக் கேட்டு மகிழ்ந்து, ஐந்நூறு ஆடைகளைக் காணிக்கையாக அளித்தனர். மன்னனுக்கு ஐயம் எழுந்தது. ஒரு துறவிக்கு ஐந்நூறு ஆடை எதற்கு? துணி வாணிகம் செய்யப் போகிறாரா? நேரே சென்று கேட்டுவிட்டான்.

ஆனந்தர் சினம் கொள்ளவில்லை. துறவியையே ஐயுறுகிறாயா என்று கேட்கவில்லை. அமைதியாக விடை கூறினார். ஆடை கிழிந்துபோன துறவிகளுக்கு இவற்றைப் பங்கிடுவோம் என்றார். அவர்களுடைய பழைய ஆடைகளை என்ன செய்வீர் என்று மன்னன் கேட்டான். படுக்கை மேல்விரிப்பாக்குவோம் என்றார். பழைய மேல்விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். பழைய தரைவிரிப்பு கால் துடைக்கும் துணியாகும். அதுவும் நைந்தால் தூசி துடைக்கும் துணியாகும். தூசித் துணியும் கந்தலானால், அதை நறுக்கி மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று முடித்தார். மன்னன் மனம் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான்.

இளைஞர்களே, இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டியவை மூன்று. ஒன்று, காணிக்கை பெற்றவர் எவ்வளவு பெரியவராயினும் கேள்விக்கு உட்பட்டவரே. இரண்டு, கேள்விக்குச் சினம் விடையாகாது, விவரமே விடையாகும். மூன்று, சரியான கணக்கு நம்பிக்கையைக் குறைப்பதில்லை, இரட்டிப்பாக்குகிறது. முதல் ஐந்நூறு பக்தியினால் வந்தது. இரண்டாவது ஐந்நூறு கணக்கினால் வந்தது.

அதே விநய நூல் மற்றொன்றையும் விதித்தது. மடத்து நிலம், கட்டடம், கட்டில், உலோகப் பாத்திரம், கருவிகள் போன்ற நிலையான பொருள்களைத் தனித் துறவி மட்டுமன்று, சங்கம் முழுவதும் கூடினாலும் எவர்க்கும் பங்கிட்டுக் கொடுத்தல் ஆகாது என்பதே அவ்விதி. இன்றிருப்போர் எல்லாரும் ஒருமனப்பட்டாலும் நாளை வருவோரின் பங்கைத் தொட அவர்களுக்கு அதிகாரமில்லை. நம் சங்கத்துக் கட்டடத்தையும் மனையையும் குறித்து இவ்விதியை நாம் நெஞ்சில் எழுதி வைக்க வேண்டும்.

"ஆண்டவன் அறிவான்" என்ற மறைப்பு

சமயத் தலைமைக்கு ஒரு தனிப்பட்ட ஆபத்து உண்டு. வணிகன் கணக்கை மறைத்தால் திருடன் என்கிறோம். சமயப் பெரியவர் மறைத்தால், "எனக்கும் ஆண்டவனுக்கும் தெரியும்" என்று கூறித் தப்பிவிடுகிறார். கேட்டவனே நம்பிக்கை இல்லாதவன் ஆகிவிடுகிறான்.

இந்த மறைப்பைத் தொடக்கக் காலக் கிறித்தவச் சபையினரே ஏற்கவில்லை. எருசலேம் சபையில் நாள்தோறும் நடந்த பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போகின்றனர் என்று முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறையீட்டை அடக்கவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்து அப்பொறுப்பைக் கொடுத்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருக்கின்றன. அதாவது, குறை கூறிய தரப்பினரின் கையிலேயே பண்டசாலையின் திறவுகோல் கொடுக்கப்பட்டது போலும்! யாருக்குக் கிடைக்கவில்லையோ அவரைப் பங்கிடும் இடத்தில் அமர்த்துவது எவ்வளவு ஆழ்ந்த அறிவு! நம் சங்கத்தின் செயற்குழுவில் விதவைத் தாய்மார் எத்தனை பேர், கூலித் தொழிலாளர் எத்தனை பேர், விடுதியில் தங்கிப் பயின்ற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், நாம் அவ்வறிவை எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறோம் என்பது விளங்கும்.

பவுல் அடிகள் ஏழைகளுக்காகப் பல ஊர்ச் சபைகளில் பணம் திரட்டினார். அவற்றுள் மக்கெதோனியச் சபையினர் தாமே கொடிய வறுமையில் இருந்தவர்கள். அப்பணத்தை எடுத்துச் செல்லும்போது பவுல் தனியே செல்ல எண்ணவில்லை. சபைகள் தேர்ந்த ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். இறைவன் முன்னிலையில் மட்டுமன்று, மனிதர் முன்னிலையிலும் குற்றமற்றிருக்க வேண்டும் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். ஏழையின் காணிக்கையைத் தொடும் கைகள் குறைந்தது இரண்டு இணையாக இருக்க வேண்டும் என்ற நெறி அன்றே பிறந்துவிட்டது. காசோலையில் செயலரும் பொருளாளரும் சேர்ந்து கையொப்பமிடும் வழக்கமும் இதே நெறியைத்தான் பின்பற்றுகிறது.

இசுலாமிய மரபில் கலீபா இரண்டாம் உமர் குறித்து ஒரு செய்தி வழங்கி வருகிறது. அரசுப் பணி பார்க்கும்போது அரசு விளக்கை ஏற்றுவார். பேச்சு சொந்த விவகாரத்துக்குத் திரும்பியதும் அதை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றுவார் என்பர். எண்ணெயின் விலை அற்பம். ஆனால் பொது எது, சொந்தம் எது என்ற கோடு அற்பமன்று.

கல்லில் பொறித்த கணக்கு

நம் தமிழகக் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆனால் குட்டிகளால் ஈடுசெய்து 96 என்ற எண் என்றும் குறையாமல் காக்க வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். முதலைத் தொடாதே, அதன் விளைவைக் கொண்டு விளக்கெரி என்பதைப் பொருளாதாரம் படிக்காத மக்களும் அறிந்திருந்தனர். நம் சங்கத்தில் நன்கொடையாளர் பெயரால் வைத்திருக்கும் வைப்புத் தொகைகள் எல்லாம் சாவா மூவாப் பேராடுகளே. வட்டியில் பரிசளிக்கலாம், விழாச் செலவுக்கு முதலை எடுத்தால் ஆட்டை அறுத்துத் தின்றவர் ஆவோம்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை, குடவோலைத் தேர்தல் முறையைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். அச்சபை அந்தணர்க்குரிய ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் உடையவரே அங்கே நிற்கலாம். நம் முன்னோர்க்கு அதில் இடமில்லை. அந்த அநீதியைப் பாராட்ட வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவர்க்குப் பதவியில்லை என்ற விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம்மை வெளியே நிறுத்தியவர்கள் தமக்குள் கடைப்பிடித்த ஒழுங்கை, எவரையும் வெளியே நிறுத்தாத நம் சங்கம் அதனினும் நன்றாகக் கடைப்பிடித்துக் காட்டலாம் அல்லவா?

"சிவன் சொத்து குல நாசம்" என்று நம் பாட்டிமார் அஞ்சினர். அந்த அச்சத்தில் ஓர் அறம் இருந்தது. இன்றோ அஞ்சுவதற்குப் பதிலாக அறிந்து காக்க வேண்டிய காலம். பொதுச் சொத்தைத் தின்பவர் குலம் நாசமாகிறதோ இல்லையோ, அச்சொத்தை நம்பியிருந்த பிள்ளைகளின் வாழ்வு நாசமாவது உறுதி.

நம் முன்னோர் நடத்திய வழி

பிற சமூகத்தார் வரலாற்றை மட்டும் சொல்லி அமைய வேண்டிய நிலையில் நாம் இல்லை. சுவாமி சகஜானந்தரை நினைத்துப் பாருங்கள். 1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர்; திண்டிவனத்தில் கிறித்தவ மிஷன் பள்ளியில் பயின்றவர்; 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தவர். நந்தனாரைத் தீயில் இறக்கிய கதை வழங்கும் ஊரிலேயே, நந்தனார் பெயரால் மடம் கண்டு, 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். காவி உடுத்தியவர் கைக்குக் காணிக்கை வரும். அக்காணிக்கையை மண்டபமாகவும் பல்லக்காகவும் மாற்றிக்கொண்டவர்கள் நாட்டில் பலர். அவரோ பள்ளியாகவும் விடுதியாகவும் மாற்றினார். நெடுங்காலம் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தார். 1959ஆம் ஆண்டு மே முதல் நாளில் அவர் மறைந்தபோது விட்டுச் சென்ற செல்வம், அப்பள்ளிகளில் படித்து வெளிவந்த பிள்ளைகளே. அவருக்குச் சமயம் பள்ளிக்கூடத்தின் வாயிலாக அமைந்தது.

அண்ணல் அம்பேத்கரைக் காண்போம். 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். அதைக் கொண்டு அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பயின்று முடித்தபின் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் கடமையை நிறைவேற்ற 1917இல் பரோடா சென்றார். அந்நகரில் அவருக்குத் தங்க வீடு கொடுப்பார் இல்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்தியவர்களால் வெளியேற்றப்பட்டார். அவமானம் நேர்ந்தது ஊராரால். ஆனால் வாங்கிய உதவிக்குக் கடமை ஆற்றச் சென்ற பெருமை அவருடையது.

பிற்காலத்தில் அவர் கையில் பொதுப் பொருள் சேர்ந்தபோது என்ன செய்தார்? 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரி திறக்கப்பட்டது. 1950இல் ஔரங்காபாதில் தொடங்கிய கல்லூரி பின்னர் மிலிந்தர் பெயர் பெற்றது. மிலிந்தர் யார்? நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்ட கிரேக்க மன்னர். கேள்விக்கு விடை சொன்னவர் பெயரை வைக்காமல், கேட்டவர் பெயரைக் கல்லூரிக்குச் சூட்டியது நம் சிந்தனைக்குரியது. கேட்கும் துணிவும், கேட்டு அறிந்ததை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் கல்வியின் உயிர். அந்தக் கல்வியை நாடும் சங்கத்தில், கேள்வி கேட்ட இளைஞன் பகைவன் ஆகலாகாது.

காக்க முடியாமற்போன நிலம்

ஒப்படைக்கப்பட்ட பொருள் காக்கப்படாவிடின் என்ன ஆகும் என்பதற்கு நம் சமுதாய வரலாற்றிலேயே வேதனை மிக்க சான்று உண்டு. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் சென்னை மாகாண அரசு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதுவே. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ கூடாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறுவர். இன்று அதில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. 1994இல் செங்கற்பட்டுப் பகுதியில் காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, இரண்டு இளைஞர் உயிர் துறந்தனர்.

இந்த இழப்புக்கு நம் ஏழை முன்னோரைக் குற்றம் சொல்வது கொடுமை. பசிக்கு ஐந்து மரக்கால் நெல் கடன் கொடுத்துக் கைநாட்டுப் பெற்றவர்கள் உண்டு. மிரட்டி எழுதி வாங்கியவர்கள் உண்டு. ஆணையைக் காக்க வேண்டிய அலுவலர் கண்மூடி இருந்ததும் உண்டு. ஆயினும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நாளில் ஊர்தோறும் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும், பட்டியலைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றும் இருந்திருப்பின், இவ்வளவு நிலம் இவ்வளவு எளிதாகப் போயிருக்குமா? எழுத்தறிவு நிலத்துக்கு வேலி. பதிவேடு அவ்வேலியின் முள். ஆகையால்தான் நம் சங்கத்தின் மனைப்பத்திரம், வரி ரசீது, தீர்மானப் புத்தகம் ஆகியவை எவர் வீட்டுப் பெட்டியிலும் அன்றிச் சங்க அலுவலகத்தில், படியெடுத்து, மூவர் அறிய இருக்க வேண்டும் என்கிறோம்.

புதைத்து வைத்தலும் குற்றமே

திருடாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இயேசுநாதர் கூறிய தாலந்து உவமையை நினைவு கூருங்கள். தாலந்து என்பது பெரும் எடையுள்ள வெள்ளி. எசமானர் ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று என்று கொடுத்துச் சென்றார். முதல் இருவரும் அதனைப் பெருக்கினர். மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைத்து, ஒரு குன்றிமணியும் குறையாமல் திருப்பிக் கொடுத்தான். அவன் திருடன் அல்லன். ஆயினும் கண்டிக்கப்பட்டவன் அவனே. அஞ்சிப் புதைத்ததே அவன் குற்றம்.

புதைத்து வைக்கும் பழக்கம் நம்மிடையே மிகுதி. நூலகத்துக்குப் புத்தகங்கள் வரும். கிழிந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைப்பர். கறையான் படித்து முடிக்கும். பள்ளிகளிலும் தணிக்கையில் குறை வருமோ என்று அஞ்சி அறிவியல் கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுக்காத வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். உடைந்த சோதனைக் குழாய்க்கு விளக்கம் எழுதி, பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாம். அதைத் தொடாமலேயே பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளைக்கு எந்தப் பதிவேட்டில் விளக்கம் எழுதுவது? பொருளைக் காப்பது பயன்படுத்துவதற்காகவே. ஊருணி நீர் நிறைவதும், ஊர் நடுவே மரம் பழுப்பதும் ஊரார்க்கே என்று வள்ளுவர் ஒப்புரவறிதலில் காட்டியதும் இதுவே.

இன்னொரு புதையல் உண்டு. இடஒதுக்கீட்டின் வாயிலாகப் படிப்பும் பணியும் பெற்ற நம் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது அது. அது நம் தனித் திறமைக்கு மட்டும் கிடைத்த பரிசன்று. பல தலைமுறையினர் போராடிப் பெற்று நம்மிடம் ஒப்படைத்தது. படித்தவர்கள் தம் குடும்பத்தை மட்டுமே பேணுகின்றனர் என்று 1956இல் ஆக்ராவில் அண்ணல் வருந்திப் பேசினார். அந்த வருத்தம் நம்மைச் சுட வேண்டும். ஊதியம் பெறுபவர் ஒவ்வொருவரும், தாம் நடந்து வந்த தெருவில் இன்னும் நடந்து கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பேற்றால் அப்புதையல் வெளியே வரும். பணம் தர இயலாதவர் வாரம் இரண்டு மாலைப் பொழுதைத் தரலாம். நேரமும் ஒப்படைக்கப்பட்ட பொருளே.

கணக்கு எழுதாத நல்லவர்கள்

நாம் பணியாற்றிய வட்டாரம் ஒன்றில் ஒரு சிற்றூரில் இரவுப் பள்ளி நடந்து வந்தது. பிடி அரிசி திரட்டியும், கல்யாண வீடுகளில் மொய்ப் பணத்தில் ஒரு பங்கு பெற்றும் அவ்வூர் மக்களே அதனை நடத்தினர். பொறுப்பாளர் நல்லவர், கைச் சுத்தம் உள்ளவர், தம் பணத்தையும் சேர்த்தே செலவிட்டவர். ஆனால் எழுதி வைக்கவில்லை. ஓராண்டு விழாவில் எவரோ ஒருவர் கணக்குக் கேட்டார். அவர் மனம் புண்பட்டு, "நான் தின்றேன் என்கிறீர்களா?" என்றார். ஊர் இரண்டாயிற்று. இரண்டு தரப்பிலும் திருடர் இல்லை. ஆயினும் இரவுப் பள்ளி மூடப்பட்டது. அங்கே எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் அடுத்த ஆண்டு செங்கற்சூளைக்குச் சென்றனர். அரிக்கன் விளக்குகள் மட்டும் ஒரு திண்ணையில் நெடுநாள் தொங்கிக் கொண்டிருந்தன.

நேர்மை மட்டும் போதாது, நேர்மை எழுத்தில் இருக்க வேண்டும். எழுதப்பட்ட கணக்கு நல்லவரைப் பழியினின்றும் காக்கிறது. அல்லவரை ஆசையினின்றும் காக்கிறது. இரண்டையும் விட மேலாக, பிள்ளைகளைப் பெரியவர்களின் சண்டையினின்றும் காக்கிறது.

செய்ய வேண்டியவை

இளைஞர்களே, நெறியைக் கூறி நிறுத்திவிட்டால் உரை முழுமையாகாது. நடைமுறையாகச் சில கூறுவோம்.

முதலாவது, ஒரு ரூபாய் வாங்கினாலும் ரசீது. ஒரு ரூபாய் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் இந்நாளில் எவருடைய சொந்தக் கணக்கிலும் சங்கப் பணம் சேரலாகாது. சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும்.

இரண்டாவது, ரொக்கப் புத்தகம் அன்றாடம் எழுதப்பட வேண்டும். மாத இறுதியில் வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

மூன்றாவது, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் கணக்குத் தாக்கலையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைச் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் சடங்காக்காமல், வரவு செலவைத் தெருவில் உள்ள தாய்க்கும் விளங்கும் தமிழில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நான்காவது, எந்தப் பொறுப்பிலும் ஒருவர் தொடர்ந்து இருக்கும் காலத்துக்கு எல்லை வேண்டும். ஒவ்வொரு பொறுப்பாளரின் அருகிலும் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் அமர்ந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, உதவி பெறும் பிள்ளையைத் தேர்வு செய்வதில் உறவும் உட்பிரிவும் சமயமும் நுழையலாகாது. விண்ணப்பம், மதிப்பெண், வறுமை நிலை மூன்றையும் எழுதி வைத்து, குழுவாகத் தீர்மானிக்க வேண்டும். உதவி பெற்ற பிள்ளையின் படத்தைப் போட்டு அதன் தன்மானத்தைப் புண்படுத்தவும் கூடாது. பிள்ளையின் மானமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதே.

கேள்வி கேட்கும் இளைஞருக்கும் ஒரு சொல். கேட்பது உங்கள் உரிமை. படித்துவிட்டுக் கேட்பது உங்கள் கடமை. வரவு செலவு அறிக்கையைப் புரட்டாமல் சந்தைத் திண்ணையிலும் கைப்பேசிக் குழுவிலும் பழி தூற்றுவது மிலிந்தரின் வழியன்று. ஐயம் இருப்பின் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். விடை கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிடின் மீண்டும் கேளுங்கள். அடுத்த ஆண்டு அதே பொறுப்பை ஏற்க முன்வாருங்கள். கேள்வி கேட்டவர் பொறுப்பேற்கும்போதுதான் சங்கம் வளரும்.

மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் கல் சுமந்து கட்டிய கட்டடம் இது. நீங்கள் பட்டினி கிடந்து சேர்த்த பணம் இது. உங்கள் கை நடுங்கும் முன்பே, உங்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே சாவியைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு அருகில் இருந்து வழிகாட்டுங்கள். சாவியோடு மறையும் தலைவரின் பூட்டைப் பின்வருவோர் உடைக்க நேரும். கையில் கொடுத்துச் சென்றவரின் பெயரைப் பின்வருவோர் சொல்லி மகிழ்வர்.

இந்த வெள்ளி விழாவில் புதிய செயற்குழுவினரிடம் இருப்புப் பட்டியலும் தீர்மானப் புத்தகமும் வைப்புத் தொகைச் சீட்டுகளும் பொதுமக்கள் முன்னிலையில் எண்ணி ஒப்படைக்கப்படும் என்று குழுவினர் முடிவு செய்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறோம். மலர் வெளியீட்டைவிட அதுவே இவ்விழாவின் சிறந்த நிகழ்ச்சியாகும். பொன்விழா ஆண்டில் இங்கே பேசப் போகிறவர் இன்று கீழே பாயில் அமர்ந்திருக்கும் சிறுமியாகவும் இருக்கலாம். அவர் அன்று பட்டியலைப் பிரித்துப் பார்க்கும்போது, நாம் பெற்றதிலிருந்து ஒன்றும் குறையாமலும், நம் உழைப்பால் சில கூடியும் இருக்கக் கண்டு மகிழ வேண்டும். அதற்கான பொறுப்பு இன்று முதல் நம் அனைவருடையதும் ஆகும்.